ஆறு மணிக்குக் கீழே வைத்த கத்தரி

அனுப்புநர்:
கா. ஸ்னேஹா,
ஈஜிபுரா, பெங்களூரு.

பெறுநர்:
தொழிலாளர் நல அலுவலர் அவர்கள்,
பெங்களூரு.

பொருள்: கிறிஸ்துமஸ் விற்பனையின்போது வாடிக்கையாளர் பாழாக்கிய துணிக்காகக் கடை ஊழியர் திருமதி பிரிஜெட் வேலைநீக்கம் செய்யப்பட்டது – நேரில் பார்த்த எனது சாட்சியத்தை ஏற்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

திருமதி பிரிஜெட் எனக்கு உறவு இல்லை. ஒரே தெருவும் இல்லை. நான் கிறிஸ்தவளும் அல்ல. "அவரு நிமகெ ஏனாகபேக்கு?" என்று செவ்வாயன்று தங்கள் அலுவலக முன்மேசையில் கேட்டார்கள். அவர் உங்களுக்கு என்ன உறவு என்ற அந்தக் கேள்விக்குப் பதிலை எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். கன்னடம் பேசுவேன், மனு எழுதும் அளவுக்கு வராது. தோழி ஷில்பா செய்த கன்னட மொழிபெயர்ப்பு இத்துடன் உள்ளது.

1. ஆஸ்டின் டவுனில் உள்ள அந்தத் துணிக்கடையின் முகவரி தங்கள் கோப்பில் இருக்கிறது. அங்கே துணி வெட்டும் மேசை பிரிஜெட்டுடையது. எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து அப்படித்தான். நாங்கள் அப்போது ஜீவனஹள்ளியில் இருந்தோம். படித்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில். கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஒவ்வொரு வருடமும் எனக்குத் தேவதூதர், அதாவது சம்மனசு வேடம். ஆகவே ஒவ்வொரு டிசம்பரும் வெள்ளை சாட்டின். அம்மா என்னை அந்தக் கடைக்குத்தான் கூட்டிப்போவார்.

2. அந்த மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. மாலை ஆறு மணிக்குப் பக்கத்து மாதா கோயில் மணி அடிக்கும். பிரிஜெட் கத்தரியைக் கீழே வைப்பார். கண்ணை மூடிச் செபிப்பார். மணி ஓயும் வரைதான். எதிரே நாங்களும் நிற்போம், பலர் கண்ணை மூடியபடி. பொட்டு வைத்தவர்கள், புர்கா அணிந்தவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்தவர்கள். பண்டிகைக் கூட்டத்திலும் யாரும் முணுமுணுத்ததாக நினைவில்லை. அறிவிப்புப் பலகை கிடையாது. யாரும் சொல்லித் தரவும் இல்லை.

மணி ஓய்ந்ததும், "அடுத்தது யாரு கண்ணு?" என்பார் பிரிஜெட்.

"மெதுவா வெட்டுங்கக்கா, எங்க சம்மனசு எங்க பறந்துடப் போவுது?" என்பார் அம்மா.

சிரிப்பு. மறுபடி கத்தரிச் சத்தம்.

என் சிறு வயதின் மிக அமைதியான இடம் ஒரு துணிக்கடை. அதுவும் டிசம்பரில். இது மனுவுக்குத் தேவையற்றது என்று தெரியும். ஆனால் அடுத்த பத்திக்குத் தேவை.

3. கடந்த டிசம்பர் 20, சனிக்கிழமை. இப்போது சம்மனசு வேடம் அண்ணன் மகளுக்கு. சாட்டின் வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு பெண்மணி. அவருக்காகப் பிரிஜெட் சிவப்பு வெல்வெட்டை வெட்டிக்கொண்டிருந்தார். பாதியில் மணி அடித்தது. கத்தரி கீழே.

பெண்மணி விரலைச் சொடுக்கினார். "ஹலோ ஆன்ட்டி, தூங்குறீங்களா? கார் டபுள் பார்க்கிங்ல நிக்குது." பிரிஜெட் கண்ணைத் திறக்கவில்லை. பெண்மணி தாமே கத்தரியை எடுத்தார். மீதியை வெட்டினார். கோணலாகப் போயிற்று. மணி ஓய்ந்ததும் துணியைப் பிரிஜெட் மேல் எறிந்தார்: "நேரா ஒரு கோடு வெட்டத் தெரியாதா உங்களுக்கு?"

மேலாளர் தினேஷ் ஓடி வந்தார். "சாரி மேடம், நான் பாத்துக்கிறேன்." நடந்ததை அவரிடம் சொன்னேன். "நீங்க அடுத்த கஸ்டமர்தானே? சீசன் டைம், லைன்ல வாங்க" என்றார். வேலைநீக்கக் கடிதத்தில் இருப்பது: பணி நேரத்தில் கவனமின்மை, துணியைத் தவறாக வெட்டியது.

4. பிரிஜெட் மறுத்து எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை நடக்கும் விசாரணையில் தங்கள் முன்னும் சொல்லமாட்டார் என்று அஞ்சுகிறேன். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "கடைக்கு வந்தவங்கள பொய்க்காரின்னு சொல்றதா? இந்த வாயால சொன்னதில்ல கண்ணு" என்றார். காப்பி கொடுத்தார். வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை.

5. கழிவுத் துணிக் கூடையில் கிடந்த அந்த வெல்வெட்டை அன்றே விலைக்கு வாங்கினேன். இத்துடன் இணைத்துள்ளேன். தயவுசெய்து பிரித்துப் பாருங்கள். பாதி வரை நேர். அங்கே கத்தரி நின்ற ஒரு சிறு தடம். பிறகு கோணல். இரண்டு கைகள்.

6. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்களே, நீ எப்படிப் பார்த்தாய் என்று கேட்கலாம். இப்போது யாரும் மூடுவதில்லை; கைப்பேசியைப் பார்க்கிறார்கள். நான் சிறு வயதிலும் மூடியதில்லை. அந்த ஒரு நிமிடம் பிரிஜெட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அன்றும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்மணியின் பெயர் தெரியாது. அவரைத் தண்டிக்கக் கேட்கவில்லை. அவரும் நெரிசலில் வந்தவர்தான். நான் வேண்டுவது, திங்கட்கிழமை என்னையும் அழைத்து விசாரிக்க வேண்டும். பிரிஜெட்டுக்கு அதே மேசையைத் திருப்பித் தரச் செய்ய வேண்டும். பண்டிகை நாட்களில் கடைகளில் ஒரு பலகை வைக்கச் சொன்னாலும் நல்லது: ஊழியரைப் பார்த்து விரல் சொடுக்காதீர்கள். அதற்கும் பலகை வேண்டியிருக்கிறது. இருந்தாலும் வைக்கலாம்.

முன்மேசைக் கேள்விக்கு என் பதில்: நான் அவர் எதிரே நின்றவள்.

தங்கள் அழைப்பை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
கா. ஸ்னேஹா

இடம்: பெங்களூரு
நாள்: 08.01.2026

இணைப்பு: கன்னட மொழிபெயர்ப்பு, சிவப்பு வெல்வெட் துணி, ஒன்று.

(என் நகலின் அடியில்:) மனுவைப் பெற்றுக்கொண்டு முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். துணியை வாங்கத் தயங்கினார்கள்; பிறகு வாங்கிக்கொண்டார்கள். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அங்கிருந்து கடைக்குப் போனேன். மேசையில் ஒரு புதுப் பெண். வெள்ளை சாட்டின் கேட்டேன். அவள் அளந்து கத்தரியை எடுத்தபோது மணி அடித்தது. "அப்புறம் வெட்டும்மா" என்றேன். நின்றேன்.