கடலோரத்தில் ஒரு கழிப்பறைச் சுவர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், ஒரு கட்டிலுக்கும் ஒரு அடுப்புக்கும் நடுவில் இரண்டு பேர் எவ்வளவு சௌக்கியமாக இருக்க முடியுமோ அவ்வளவு. அங்கே நீயும் மருமகளும் உடம்பும் மனசும் நன்றாக இருக்கிறீர்களா என்று தெரியாமல் எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. என் போனை நைட்டிப் பையில் மறந்து வைத்துத் துவைத்துவிட்டேன், பளிச்சென்று வெளுத்திருக்கிறது, பேசத்தான் மாட்டேன் என்கிறது.

வீட்டை விற்று இந்தச் சக்கரம் வைத்த வீட்டை வாங்கும்போது உன் அப்பா, காலையில கண்ணத் தொறந்தா கடல்தான், நீ ராணி மாதிரி படுத்துக்கிட்டே பாக்கலாம் என்றார். ராணி படுத்துக்கொண்டுதான் இருக்கிறாள், ஜன்னலில் தெரிவது பொதுக் கழிப்பறையின் சுவர். அதை அப்புறம் சொல்கிறேன். ரயில் ஓட்டியே ஓய்வு பெற்ற மனுஷன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீ அன்றைக்குக் கேட்டாய், இதுதான் ஆகும். தண்டவாளம் போட்டாற்போல் ஓட்டுகிறார், வண்டியைப் பின்னால் எடுக்கிற பேச்சே கிடையாது, பின்னால் எடுக்க வேண்டி வரும் என்று தெரிந்தால் அந்த ஊருக்கே போவதில்லை. பக்கத்து சீட்டில் நான்தான் உதவி டிரைவர். ரயிலில் போலவே சிக்னல் விளக்கின் நிறத்தை ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும், மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும், பதில் வராவிட்டால் வண்டியை நிறுத்திவிட வேண்டும். உனக்குத் தெரியாததா, சின்ன வயதில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு உன்னை உட்கார வைத்து அவர் ரயில் விட்டபோது அந்தப் பதவி உன்னுடையது. நீ கிளம்பிப் போன பிறகு எனக்குப் பதவி உயர்வு.

போன ஊரில் நடந்த கூத்தைக் கேள். பொதுக் குளியலறையில் தலைக்குக் குளித்துவிட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வருகிறேன், வண்டியைக் காணோம். ரயிலில் எல்லாரும் ஏறியாயிற்றா என்று பார்ப்பது பின்பெட்டியில் இருக்கும் கார்டின் வேலையாம், டிரைவர் முன்னால் மட்டும்தான் பார்ப்பாராம். மகராசன் கிளம்பிப் போய்விட்டார். முதல் முச்சந்தியில் விளக்கைப் பார்த்துப் பச்சை என்று கத்தியிருக்கிறார், பதில் இல்லை. விதி விதிதானே, பச்சை விளக்கிலேயே வண்டியை நிறுத்திவிட்டார். பின்னால் வந்த லாரிக்காரர் இறங்கி வந்து திட்டிய திட்டில்தான் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். ரிவர்ஸும் வராமல் ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி வந்து சேர்ந்து, சொல்லாம எதுக்கு எறங்குனே என்று என்னிடமே கேட்டார். முதலில் டீ போட்டுக் கொடுத்தேன், குடித்து முடித்ததும் திட்டினேன்.

இப்போது சுவருக்கு வருகிறேன். எங்களைப் போன்ற வண்டிவாசிகள் தங்கும் இந்த முகாமில் மணலை ஒட்டி எத்தனையோ இடம் காலி. படகு தெரிகிறது, பறவை தெரிகிறது, பக்கத்து வண்டிக்காரர்கள் காலை நீட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி சாப்பிடுகிறார்கள். நாங்கள் மட்டும் கழிப்பறையை ஒட்டி நிற்கிறோம். கேட்டால், இங்கதான் நெழலு என்கிறார். நிழலாம், என் உள்ளங்கால் வெந்துபோகிறது. வந்து எத்தனை நாளாயிற்று, அடுத்த ஊருக்குப் போகலாம் வாருங்கள் என்றால், நாளைக்குப் பாக்கலாம் என்கிறார். நேற்று முகாமைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளிடம் சண்டைக்கே போய்விட்டேன். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இங்க மட்டுந்தான் போனுக்கு டவர் கெடைக்கும்னு சொன்னேன், உடனே இந்த எடத்தையே குடுங்கன்னு உங்க வீட்டுக்காரர்தான் பிடிவாதமா வாங்குனாரு என்றாள். அதன் பிறகுதான் கவனித்தேன். சட்டைப் பையிலிருந்து போனை எடுக்கிறார், துடைக்கிறார், பார்க்கிறார், உள்ளே வைக்கிறார். என்ன என்று கேட்டால், மணி பாக்குறேன் என்கிறார், கையில் கடிகாரம் கட்டிய மனுஷன்.

நாங்கள் கிளம்பும்போது, இந்த வயசுல ரெண்டு பேரும் வழியில விழுந்து கெடந்தா யாரு வந்து தூக்குவா என்று நீ கேட்டாய். உன்னக் கூப்பிட மாட்டோம், கவலைப்படாதே என்று அவர் சொன்னார். இரண்டு பேரும் எவ்வளவு அழகாகப் பேசினீர்கள், நடுவில் நின்று கேட்டது நான்தான். கூப்பிட மாட்டேன் என்ற மனுஷன் முதல் ஊரிலேயே உன்னைக் கூப்பிட்டார். நீ எடுக்கவில்லை, வேலையாக இருந்திருப்பாய். அந்த வேலை இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. இரண்டாவது தடவை கூப்பிட அவருக்கு ரோஷம் விடாது, அந்த ரோஷத்தை எவ்வளவு பத்திரமாக உனக்குக் கொடுத்திருக்கிறார் என்று எனக்கல்லவா தெரியும். என் போனைச் சரி செய்துவிடலாம் என்றுதான் கடைக்காரர் சொன்னார், நான் வேண்டாம் என்றுவிட்டேன். துவைத்தது தற்செயல், ரிப்பேருக்குக் கொடுக்காதது வேண்டுமென்றே. இனி உனக்கு என்னோடு பேச வேண்டுமென்றாலும் அவர் போன்தான் வழி.

வேளைக்குச் சாப்பிடு. பாத்திரம் கழுவுவதை மருமகள் தலையில் கட்டாதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல், மனசொத்து நீண்ட நாள் வாழ வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம், அவரைக் கேட்காமலேயே அவரையும் சேர்த்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். அவர் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டார், பதில் வராமல் வண்டியை எடுக்க மாட்டார். ஒரு வார்த்தை பேசுடா, எனக்குக் கடலைப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
சுவரைப் பார்த்தபடி,
உன் அம்மா