அத்தையை எனக்கு எதிரில் உட்கார வை

மகாராணிக்கு,

நீ இன்னும் தூங்குற. எழுப்பினா நேத்து விட்ட இடத்திலிருந்து சண்டை தொடரும். அதனால எழுதி வச்சிட்டு நடக்கக் கிளம்புறேன். அப்படியே தையல் கடைக்குப் போயிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வந்துடுவேன். காய் நறுக்கி வச்சிருக்கேன்.

உங்கம்மா வந்ததும் எனக்கு நேரெதிரே உட்கார வை. போன தடவை பக்கத்துல உட்கார்ந்து பேசிட்டு, "மாப்பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கலை"ன்னு சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லி, அதைக் கேட்டு நீயும் என்னை மரக்கட்டைன்னு திட்டினது போதும். திரும்புறதுக்குக் கழுத்து ஒத்துழைச்சாத்தானே?

எனக்கு மர நாற்காலி போடு. அந்த மெத்து மெத்து சோபாவுல புதைஞ்சா, அவங்க உள்ளே வரும்போது சட்டுன்னு எழுந்திருக்க முடியாது. அது ரெண்டாவது குத்தமாயிடும்.

அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ்னு முழுப்பேரைச் சொல்லி மிரட்டாதே. முதுகெலும்பு மூட்டுல வீக்கம், சும்மா இருந்தா இறுகும், நடமாடினா இளகும், மாத்திரையும் உடற்பயிற்சியும் நடக்குதுன்னு சொல்லு. "நல்லா படுத்து ஓய்வெடுங்க மாப்பிள்ளை"ன்னு ஆரம்பிப்பாங்க. டாக்டர் சொன்னது அதுக்கு நேர்மாறுன்னு நீயே சொல்லிடு. நான் சொன்னா எதிர்த்துப் பேசுறேன்னு மூணாவது குத்தம்.

மறந்துட்டேன்: பேச்சு நடுவுல நான் எழுந்து ரெண்டு நடை நடப்பேன். பேச்சு பிடிக்காமப் போறேன்னு நினைச்சுடப் போறாங்க. முன்கூட்டியே சொல்லி வை.

இடமில்லை, ஓரத்துல எழுதுறேன்: நீ மட்டும் என் பக்கத்துலயே உட்காரு. உன்னைப் பார்க்கணும்னா நான் நாற்காலியோட திரும்பிக்கிறேன்.