கூடிக்கொண்டே போகும் மூங்கில்

அன்பு மகள் ரொவேனாவுக்கு அம்மா எழுதுவது. தேவ கிருபையில் நான் நன்றாக இருக்கிறேன், முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. குவைத்தில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

புயலில் போன வீட்டுக்குப் பதிலாக நீ கேட்டபடியே மூங்கில் வீடு எழும்பிவிட்டது. காற்று ஏற இடைவெளி விட்ட தரை, நிப்பாப் பனை ஓலைக் கூரை, முன்னால் உட்கார்ந்து பேச வெளித் தளம், எல்லாம் வசதியாகத்தான் இருக்கிறது. ஆனால் கட்டிய மாங் செலோவை நான் நம்பவில்லை. ஆற்றங்கரையில் இருக்கிற, மனைவியை இழந்த அந்தத் தச்சர்தான். தேய்பிறையில் வெட்டி ஆற்றில் ஊறப்போட்ட மூங்கிலில் பாதி அவர் வீட்டுக்குப் போய்விடும் என்று பயந்து தினமும் சாயங்காலம் ஒவ்வொன்றாக எண்ணினேன். குறையவில்லையடி, கூடியிருந்தது! தன் தோப்பு மூங்கிலைக் கொண்டுவந்து போடுகிறார். எந்த ஊரில் எந்தத் தச்சன் இப்படிச் செய்வான்? அதோடு விட்டாரா, நான் சொல்லாமலே விறகு பிளக்கிறார், தண்ணீர் சுமக்கிறார், கூலி பேசினால் பிறகு பார்க்கலாம் என்று சிரிக்கிறார். காரியம் இல்லாமல் ஒரு ஆண்பிள்ளை பன்றித் தொட்டியைக் கழுவுவானா?

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. உன் அப்பா என்னைப் பெண் கேட்டு எங்கள் வீட்டில் ஒரு வருடம் விறகு பிளந்தாரே, அதே கதை. சேவல் சண்டையிலேயே குடியிருக்கிற தன் மகனுக்கு உன்னைக் கேட்கத்தான் இந்த அப்பன் உழைக்கிறார் என்று முடிவு கட்டினேன். அந்தப் பயலோடு உனக்குக் கடிதப் போக்குவரத்து உண்டோ என்றுகூட நினைத்தேன், கோபித்துக்கொள்ளாதே. வெளித் தளத்தை நான் சொன்னதைவிட அகலமாகப் போட்டதும் சந்தேகமே இல்லை, கல்யாணப் பந்திக்குத்தானே அவ்வளவு இடம்! நேரே போய், என் பொண்ண உன் மகனுக்குத் தரமாட்டேன், மூங்கிலத் தூக்கிட்டுப் போய்யா என்று கத்திவிட்டேன். மனுஷன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, உங்க பொண்ண எவன் கேட்டான், நான் கேக்குற ஆளு குவைத்துல இல்ல, தெனம் சாயங்காலம் என்னை மொறச்சுக்கிட்டே மூங்கில் எண்ணுதே, அதுதான் என்கிறார். வேலியோரம் கூடியிருந்த சனம் ஒரே சிரிப்பு. வெட்கத்தில் புது வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தலாம் என்றால் கதவே மாட்டியிருக்கவில்லை.

இன்னமும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை, நல்லவர் மாதிரி நடிக்கிறாரோ என்று அவர் மகனிடமே விசாரித்தேன். அப்பா கொஞ்ச நாளா தலையெல்லாம் சீவுறாரு அத்தை என்கிறான். உன் அப்பா போன பிறகு தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்கு எதுவும் ருசிக்கவில்லை, இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். இந்த வயதில் இந்தக் கூத்து வேண்டுமா, நீ என்ன நினைப்பாய் என்று பயமாகவும் இருக்கிறது. நீ வேண்டாம் என்றால் அன்றைக்கே அனுப்பிவிடுவேன்.

மாதா உன்னைக் கண்போல் காப்பாள். வெயிலில் அலையாதே. பதிலை மட்டும் தள்ளிப்போடாதே, ஏனென்றால் இங்கே வேலை முடிந்துவிட்டது, உன் கடிதம் வருவதற்குள் அவர் கிளம்பிவிடுவார். அதனால் வெளித் தளம் சாய்ந்திருக்கிறது, முழுக்கப் பிரித்துப் போடுங்கள் என்று நேற்றுச் சொல்லிவிட்டேன். ஒரு சாய்வும் இல்லை. அது அவருக்கும் தெரியும், இருந்தும் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

உன் அம்மா,
பசிலிசா