ஏகாம்பரம் பெயரில் நானூறு பங்கு

9 ஆகஸ்ட் 2004, திங்கள்

விடிந்ததுமே வேர்வை. மணலிப் பக்கமிருந்து காற்று, கூடவே அந்த நாற்றம். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை, பஸ் நகரவேயில்லை.

செய்ய வேண்டியவை: மின் கட்டணம். சைக்கிளுக்குப் பின் டியூப். சரோஜாவின் சர்க்கரை மாத்திரை. பாரிமுனை, பங்கு மாற்றும் அலுவலகம்.

கடைசி வேலையை முதலில் செய்தேன். ஏகாம்பரம் போய் நாற்பது நாள். அவன் பெயரில் இருக்கும் நானூறு பங்கும் என்னுடையவை. அவன் விற்ற அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாற்றுப் படிவத்தைப் பதினெட்டு வருடம் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன். முட்டாள். கவுன்டர் பெண் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"சார், இது எப்பவோ காலாவதி. கையெழுத்துப் போட்டவரும் இல்லைன்றீங்க. முதல்ல வாரிசு பேருக்கு மாறணும். அப்புறம் அவங்க இஷ்டப்பட்டா உங்களுக்கு மாத்தித் தரலாம்."

இஷ்டப்பட்டா. திரும்பி வரும் வழியெல்லாம் அந்தச் சொல்தான். மாத்திரை வாங்க மறந்து, வீட்டில் திட்டு.

10 ஆகஸ்ட், செவ்வாய்

டியூப் மாற்றியாயிற்று. கொள்ளை விலை.

ஒரு தடவை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன், என் கண்ணுக்கு மட்டும்.

எண்ணூர் தொழிற்சாலையில் நான் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். கம்பெனி தொழிலாளிகளுக்கு ஆளுக்கு ஐம்பது பங்கு கொடுத்த வருடம், ஆங்கில நோட்டீசைக் கடைசி வரி வரை படித்தவன் நான் ஒருவன்தான். கேன்டீனில் ஒரே சிரிப்பு. "இந்த பேப்பர வச்சிகினு இன்னா பண்றது? வடை மடிக்கவா?" நான் சிரிக்கவில்லை. பங்கு ஒன்றுக்கு முப்பது ரூபாய், உடனே கையில் காசு என்றேன். ஏமாற்றவில்லை. அன்றைய சந்தை விலையைவிட இரண்டு ரூபாய் கூடவே கொடுத்தேன். சரோஜாவின் வளையல் போயிற்று, என் பி.எஃப்.பில் கடன், மச்சானிடம் கைமாற்று. அறுபது பேரிடம் வாங்கினேன்.

பிறகு கம்பெனி வளர்ந்தது. மூன்று முறை போனஸ், கையிலிருக்கும் பங்கு ஒன்றுக்கு இன்னொன்று இலவசம். ஒவ்வொருவனின் ஐம்பதும் நானூறாயிற்று. நேற்றைய விலை ஒன்று ஆயிரத்து எண்ணூறு. மொத்தம் நாலு கோடிக்கு மேல். தெருவில் ஒருவனுக்கும் தெரியாது. நான் இன்னும் சைக்கிள்தான். "கொஞ்சம் ஷேர் இருக்கு" என்ற அளவுக்குச் சரோஜாவுக்குத் தெரியும்.

ஐம்பத்தொன்பது பேரின் பங்கும் அப்போதே என் பெயருக்கு மாறிவிட்டது. ஏகாம்பரம் மட்டும் தலையைச் சொறிந்தான். வார்ப்புப் பட்டறையில் மண் அச்சு போடுகிறவன். "துட்டு குட்துட்ட, பங்கு ஒன்னுது. பேரு மட்டும் எம்பேர்லயே இருக்கட்டும் நைனா. வருசா வருசம் மீட்டிங்குக்குக் கூப்புடுவான்ல?" பங்குதாரர் கூட்டம். ஏ.சி. ஹால், கூப்பனுக்கு ஒரு டிபன் பொட்டலம், காபி. மேடையில் முதலாளி, கீழே மூன்றாவது வரிசையில், இஸ்திரிச் சட்டையில் ஏகாம்பரம். எனக்கு என்ன போயிற்று, சரி என்றேன்.

போனஸ் பங்கெல்லாம் பதிவுத் தபாலில் அவன் வீட்டுக்குத்தான் வந்தது. மூன்று முறையும் வியாசர்பாடியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தான், உறையைப் பிரிக்காமல். வருடா வருடம் டிவிடெண்ட் செக்கையும் மாற்றிச் சில்லறை வரைக்கும் கொடுத்தான். "இந்தா நைனா, ஒன் சரக்கு."

12 ஆகஸ்ட், வியாழன்

மா. 4 மழை. பத்தே நிமிடம், புழுக்கம் அதிகமானதுதான் மிச்சம். மின் கட்டணம் கட்டினேன்.

அவன் மனைவி கஸ்தூரியிடம் எப்படிக் கையெழுத்து வாங்குவது? யோசித்த வழிகள்:

ஒன்று, "ஏதோ பழைய கம்பெனிப் பேப்பர்மா" என்பது. அவள் ஏன் என்று கேட்க மாட்டாள்.
இரண்டு, கையில் ஐம்பதாயிரம் வைப்பது.
மூன்று, உள்ளதைச் சொல்லிப் பாதி கொடுப்பது.

சரோஜாவிடம் சொன்னேன். பாத்திரம் தேய்த்தபடியே, "வாங்கினது வாங்கினதுதானே? அப்புறம் இன்னா பாதி கீதின்னுகிட்டு," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எதுனா பண்ணுங்க. ஆனா அந்தம்மாகிட்ட பொய் சொல்லாதீங்க. தாலியறுத்து ரெண்டு மாசம் ஆவல."

பாதி என்று முடிவு. எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

15 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிக் கடைசி ஞாயிறு, கூழ். வியாசர்பாடி முழுக்க அம்மன் பாட்டு, நடுவில் கொடியேற்றப் பேச்சும் அதே ஸ்பீக்கரில். குடியிருப்பில் இரண்டாவது மாடி. படியில் மூச்சு வாங்கியது.

கஸ்தூரி மட்டும் இருந்தாள். மகள் செல்வி துணிக்கடை வேலைக்குப் போயிருந்தாள். நர்சிங் படிக்க இடம் கிடைத்ததாம், கட்டப் பணம் இல்லையாம்.

சொன்னேன். நானூறு பங்கு, இன்றைய விலைக்கு ஏழு லட்சத்துக்கு மேல். மயங்கி விழுவாள் என்று நினைத்தேன். வெங்காயம் அரிந்துகொண்டே இருந்தாள்.

"தெரியும்ணா. டீக்கடைல தெனம் பேப்பர் பாப்பாரு. வெல ஏறிச்சின்னா வந்து சொல்லுவாரு, இன்னிக்கு நைனாவுக்கு இவ்ளோ ஏறிக்கீதுன்னு."

"பாதி உனக்கும்மா" என்றேன். கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஒன்னுதுன்னா பாதி எதுக்கு எனுக்கு? எங்களுதுன்னா பாதி எதுக்கு ஒனுக்கு?"

ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது.

"செல்வி வயித்துல குறுக்கால கெடந்தா. ஆபரேசன் பண்ணணும்னாங்க. அன்னிக்கு நீ குட்த்த ஆயிரத்தி ஐநூறுலதான் ரெண்டு பேரும் பொயச்சோம். வித்தது வித்ததுதான்னு சாவுற வரிக்கும் சொல்லிகினு இருந்தாரு. நான் இன்னா மாத்திப் பேசப் போறேன்? எங்க கையெயுத்து போடணும், காட்டு."

படிவங்களை எடுத்தேன். நான்கு சான்றிதழ்: முதலில் வாங்கிய ஐம்பது ஒன்று, போனசாக வந்தவை மூன்று. நான்குக்கும் தனித்தனி மாற்றுப் படிவம், கூடவே அவள் பெயருக்கு மாற்ற ஒரு விண்ணப்பம். பி.எஃப். வாங்க எடுத்த வாரிசுச் சான்றிதழ் அவளிடமே இருந்தது. எல்லாவற்றிலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"தப்பா எட்த்துக்காதண்ணா. கடசியா ஒன் வூட்டுக்கு கவரு எட்த்துகினு வந்தாரே, கால் வீங்கிப் போயி. 'இந்த தபா நைனா ஒரு வார்த்த கேப்பான்'னு சொல்லிட்டுதான் கெளம்புனாரு. எப்டி கீற, எதுனா வோணுமான்னு. திரும்பி வந்து ஒன்னியும் சொல்லல. சாப்புடாம படுத்துகினாரு."

கூழ் கொடுத்தாள். குடித்தேன்.

அன்றைக்கு நான் செய்தது: உறையைப் பிரித்துச் சான்றிதழ் எண்களைச் சரிபார்த்தேன். அவன் வாசலிலேயே நின்றான். பஸ்ஸுக்குப் பத்து ரூபாய் நீட்டினேன், வேண்டாம் என்றான். கால் வீங்கியிருந்ததா? பார்க்கவேயில்லை. எழுதவே வெட்கமாக இருக்கிறது. சீ.

16 ஆகஸ்ட், திங்கள்

பாரிமுனை போகவில்லை. தலைவலி என்றேன். பங்கு விலை இருபது ரூபாய் ஏற்றம். முதல் முறையாக அதைப் பார்த்து எரிச்சல் வந்தது.

17 ஆகஸ்ட், செவ்வாய்

போகவில்லை. சரோஜா: "தலவலியா, மனவலியா?" இரண்டும் என்றேன். மிளகு ரசம் வைத்தாள்.

18 ஆகஸ்ட், புதன்

வெயில். கா. 11 அலுவலகம். கஸ்தூரி பெயருக்கு மாற்றும் விண்ணப்பத்தையும் நான்கு சான்றிதழையும் கொடுத்து ரசீது வாங்கினேன். அதே பெண். "அவங்க பேருக்கு வர ஒரு மாசம் ஆகும் சார். அதுக்கப்புறம் மாற்றுப் படிவத்தைக் கொண்டுவாங்க. அவங்க இஷ்டப்பட்டாங்கள்ல?"

இஷ்டப்பட்டாள் என்றேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். பாதி என்ற பேச்சு இனி இல்லை, கேட்டாளே ஒரு கேள்வி. ஐம்பது பங்குக்குக் காசு கொடுத்தேன், அது என்னுடையது. மீதி முந்நூற்றைம்பதுக்கு நான் ஒரு பைசா கொடுத்தேனா? அவன் பெயரைத் தேடி வந்தவை. அவன் நினைத்திருந்தால் அடுப்பில் போட்டிருக்கலாம், விற்றுத் தின்றிருக்கலாம். சட்டம் வேறு சொல்லும், சொல்லட்டும். மற்ற ஐம்பத்தொன்பது பேரைப் பற்றி இன்று யோசிக்கப் போவதில்லை.

போனஸ் படிவங்கள் மூன்றையும் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். அந்த முந்நூற்றைம்பதும் இனி கஸ்தூரி பெயரிலேயே இருக்கும். செல்வி படிப்பாள்.

நான்காவதையும் எடுத்தேன். நாலு கோடி வைத்திருக்கிறவன், ஐம்பதே பங்கு. விளிம்பில் கொஞ்சம் கிழித்தேன். அதற்கு மேல் கை வரவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.