ஏழு தக்காளிச் செடி போன கதை

அன்புள்ள மகளுக்கு,

உன் பன்னிரண்டு தக்காளிச் செடியில் ஏழு காலி. நீ வெளியூர் வேலைக்குக் கிளம்பியபோது நான் கத்திய கத்தலுக்குப் பிறகு மூன்று மாதமாக அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாய். அந்தக் கோபத்தைச் செடியில் காட்டினேன் என்று நினைக்காதே.

போன் மழை என்றது, தண்ணீர் ஊற்றவில்லை. இங்கே வெயில் கொளுத்தியது. போன் வெயில் என்றது, வாளி வாளியாக ஊற்றினேன். அன்றைக்கே மழை கொட்டி வேர் அழுகிவிட்டது.

அம்மா போனைப் பிடுங்கிப் பார்த்தாள். "அட மனுஷா, இது அவ இருக்கிற ஊரு வானிலை! இதைப் பார்த்தா இங்க தண்ணி விட்டீங்க? முதல்ல நம்ம ஊருக்கு மாத்துங்க!"

மாற்றத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். மீதி ஐந்துக்கு வானத்தை அண்ணாந்து பார்த்தே தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன். என்னோடு பேசும்போது போனில் ஊரை மாற்ற நீயும் சொல்லிக்கொடுத்துவிடாதே.

இப்படிக்கு,
ஏழு கொலை செய்த உன் அப்பா