வானத்துக்கு ஓரம் அடித்த அப்பா

செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், அவருடைய தையல் மிஷினும் வாயும் அதைவிட நலம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும்.

நீ குழாயில் சுருட்டி அனுப்பிய வானப்படம் வந்ததைப் போனில் சொன்னேன், பிறகு நடந்த கூத்தைச் சொல்லவில்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் வரைந்த படத்தின் அச்சு என்றாயே, பிரித்துப் பார்த்தால் முக்கால்வாசி கருமேகம், நடுவில் கிழிந்து மஞ்சள் வெளிச்சம், அடியில் ஒரு கீற்று வயல். மாடியில் காயப்போட்ட துணியை எடுக்க ஓட வேண்டும் போலிருந்தது. அப்பா இஞ்சு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தானே பிரேம் கடைக்கு எடுத்துப் போனார். மாட்டிய அன்றுதான் நீ போனில், "இடது பக்கம் கீழ் ஓரத்துல குடையோட ஒருத்தி சின்னதா நடக்கிறா பாரும்மா, அவதான் நான்" என்றாய். தேடினோம், இல்லை. உன் மனம் கோணக் கூடாதென்று, "ஆமா ஆமா, அழகா இருக்கா" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.

அப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. ஊசியில் நூல் கோக்கிற கண்ணாடி, வாட்ச் ரிப்பேர்காரரின் லென்ஸ், டார்ச் லைட் எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டார். இன்னும் மூன்று வருஷம் அந்த ஊரிலேயே இருக்கச் சொல்லி உன் ஆபீசில் கேட்கிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்தே அவர் முகம் சரியில்லை. "வீட்லயும் இல்ல, படத்துலயும் இல்ல" என்று ஒருநாள் முணுமுணுத்தார். நேரே பிரேம் கடைக்குப் போனேன். கடைக்காரர் சிரிக்கிறார், "அண்ணன்தான் நாலு பக்கமும் ஒரு இஞ்ச் அட்டைக்குள்ள போகணும், இல்லன்னா பிசிறு வரும்னு ஒத்தக்கால்ல நின்னாரு, அக்கா" என்று. காகிதத்தில் ஏதடி பிசிறு! உன் அப்பா வானத்துக்கே ஓரம் அடித்திருக்கிறார். நல்லவேளை, படத்தை மடிக்கவில்லை, மேலே வெள்ளை அட்டையை வைத்து மூடியதோடு சரி.

அட்டையை மாற்றிப் பெரிய பிரேம் போட்டதும் நீ வந்துவிட்டாய், கடுகளவு, குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு. அப்பா தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கண்ணாடியெல்லாம் விரல் கறை, துடைப்பது நான். இப்போது வேறு சண்டை. தெரிவது முதுகா முகமா என்று யாருக்கும் புரியவில்லை. அவர் "போறா" என்கிறார், நான் "வர்றா" என்கிறேன். ரவிக்கை தைக்க வருகிறவர்களைக்கூட நிறுத்திக் கேட்கிறார். உனக்கு எது நல்லதோ அதைச் செய் கண்ணு, ஆனால் முடிவை அப்பாவிடம் நீயே சொல்லு, என்னைத் தூது விடாதே.

மழையில் நனையாதே, குடையைப் பஸ்ஸில் விட்டுவிடாதே. ஒரு குறையும் இல்லாமல் நீ நன்றாக இருப்பாய். அப்பா ஏதோ எழுத வேண்டுமாம், இடம் விடுகிறேன்.

அன்பு முத்தங்களுடன்,
அம்மா

மகளே, புது பிரேமில் படத்தைச் சுற்றி ஒரு இஞ்ச் வெள்ளையாக விடச் சொன்னேன். நீ போனாலும் வந்தாலும் பிரேம் இடிக்காது.
அப்பா