வெருளிக்குப் போட்ட மழைக்கோட்டு

மண்டூர்,
1938, ஆடி மாதம்.

என் வாய்க்கு மட்டும் பயந்த மச்சானுக்கு,

தெய்வமணி எழுதுவது. கந்தசுவாமியார் காவலில் நானும் பிள்ளைகளும் சுகம். நீங்களும் சுகமாய் இருக்க வேண்டும். நோயாளியை ஏசுவது பாவம். எனக்கோ இன்றைக்கு நிறைய ஏச வேண்டியிருக்கிறது.

உங்கள் தம்பி யோகராசாவிடம் கொடுத்துவிட்ட மழைக்கோட்டு வந்து சேர்ந்தது. "அண்ணன் ஆசையா வாங்கினது மச்சாள், போட்டுப் பாருங்க" என்றான். பொதியைப் பிரித்ததுமே றப்பர் வாடை. எட்டி நின்று, அதைக் கொண்டுபோய் வயல் வட்டையில் நிற்கிற வெருளிக்குப் போடச் சொன்னேன். இப்போது கிளி ஒன்றும் கதிரில் இறங்குவதில்லை. பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் தூரத்தில் கண்டுவிட்டு, "என்ன கா, உன்ட புருசன் வந்து வயலுக்க நிக்கிறார்?" என்று ஓடி வந்தாள். "அவரெண்டா இந்நேரம் வரம்பில படுத்திருப்பாரடி" என்றேன்.

உங்கள் கடிதமும் படித்தேன். நீங்கள் வேலை செய்கிற றப்பர்த் தோட்டத்தில் வீடு தருகிறார்களாம், நான் மூட்டை கட்ட வேண்டுமாம். எனக்கு இருப்பது நோயல்ல, பிடிவாதம் என்று தோட்டத்து மருந்துக்காரர் சொன்னாராம். திருவிழாவுக்குள் நான் வராவிட்டால் நீங்கள் இனி இந்தப் பக்கமே வரமாட்டீர்களாம்.

போன வருசம் அங்கே வந்தபோது, புகைக்கூடத்தில் சீலைபோல் தொங்கிக் காய்ந்த றப்பர்த் தகட்டை நீங்கள்தானே பெருமையாய் என் கையில் தந்தீர்கள்? கை தடித்து, கண் இரண்டும் மூடி, மூச்சு உள்ளே போக மறுத்தது. பக்கத்தில் இருந்து ஓவென்று அழுதது யார்? மருந்துக்காரரா?

இன்னொன்றும் கேளுங்கள். அரிவாள் வெட்டின விரலோடு புளியந்தீவு ஆசுப்பத்திரிக்குப் போனேன். மருந்து கட்டின பெண் றப்பர்க் கையுறை போட்டு என் கையைப் பிடித்தாள். பிடித்த இடமெல்லாம் தடித்தது. டாக்குத்தர் கண்ணால் கண்டார். உடனே கையுறையைக் கழற்றச் சொன்னார். "இதுக்கு என்னட்ட மருந்தில்ல அம்மா. றப்பரத் தொடாதீங்க. போற இடமெல்லாம் முதலே சொல்லிப்போடுங்க" என்றார். சொல்வதற்கு எனக்கா வாய் இல்லை? மருத்துவிச்சி, பரிகாரி, வண்டிக்காரன் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். வாழைப்பழம் தின்றாலும் உதடு அரிக்கிறது என்று கோயிலில் பஞ்சாமிர்தத்தையும் மறுத்தேன். முருகன் கோபிக்கவில்லை, சின்னத்தங்கம்தான் கோபித்தாள்.

போன திருவிழாவில் பலூன்காரனைத் தாண்டும்போது முந்தானையால் வாயைக் கட்டினேன். "கோயில் கப்புகனார் மாதிரி வாய்கட்டிப் பூசை செய்யவோ போறாய்?" என்று சிரித்தார்கள். "ஓம், தட்டில காசு போடுங்க" என்று கையை நீட்டினேன். இந்த வருசமும் கட்டுவேன். ஊர் சிரிக்கட்டும். சிரிப்பதற்கு அவர்களுக்கு மூச்சு இருக்கிறது. எனக்கும் இருக்க வேண்டும்.

ஆகையால் நான் வரமாட்டேன். இது என் அம்மா எனக்குத் தந்த வீடு. கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி இந்த வீட்டுக்கு வந்தவர் நீங்கள். வந்தவரை நான் ஒருநாளும் போகச் சொன்னதில்லை.

வருவதானால் இப்படி வாருங்கள். றப்பர்ச் சப்பாத்தும் தோட்டத்து உடுப்பும் தோட்டத்திலேயே கிடக்கட்டும். தோணியால் இறங்கினதும் துறையில் தலை முழுகுங்கள். உடுக்கப் புதுச் சாறனோடு யோகராசா கரையில் நிற்பான். அந்த வாடை போகும்வரை தேய்த்துக் குளியுங்கள். வாவியில் தண்ணீருக்குக் குறைவில்லை.

கடித உறையில் உங்கள் பெயரை நான் எழுத முடியுமா? சின்னத்தங்கத்தைக் கொண்டுதான் எழுதுவிக்கிறேன். அவள் சிரிப்பதையும் பொறுத்துக்கொள்கிறேன்.

வெருளி இரண்டு கையையும் விரித்தபடி துறைப் பக்கம் பார்த்து நிற்கிறது. நான் அப்படி நிற்கமாட்டேன், எனக்கு வேலை கிடக்கிறது. ஆனால் இரவில் வாசல் படலையைக் கட்டுவதில்லை. ஆடு வந்து கத்தரிக் கன்றையெல்லாம் தின்கிறது. தின்னட்டும்.

இப்படிக்கு,
மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்
உங்கள் தெய்வமணி.